ஜோடி போட்ட ஓட்டு

வலது தோளில் காலையில் ஆரம்பித்த வலி மத்தியானத்துக்குள் முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி லாண்டரியில் ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து வண்டியில் போடுகிற வேலை. காய்ந்த விரிப்பு ஒன்றுமே இல்லை, ஒரு விரலால் தூக்கலாம். நனைந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வெளியே வரும்போது பிணக்கனம் கனக்கும். முறுக்கை அவிழ்க்காமல் இழுத்தால் தோள் போகும். அவிழ்த்து இழுத்தால் நேரம் போகும். சூப்பர்வைசருக்கு நேரம்தான் முக்கியம். தோள் அவனுடையது இல்லையே.

கட்சிக் கிளையில் எல்லோரும் அவளை லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்பார்கள். அண்ணன் மட்டும் பாப்பா என்பான். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட ஒருத்தன் உலகத்தில் இருந்தான், அவ்வளவுதான் அவளுடைய சொத்து.

அண்ணன் ஃபவுண்டரியில் உலைக்காரன். இரும்பை உருக்கி ஊற்றுகிற இடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். இரண்டு கையிலும் பொரிப் பொரியாகச் சூட்டுத் தழும்பு. அவள் புருஷன் செத்த மாதமே, "கீழ் வீடு காலியாத்தான் கிடக்கு, சட்டிப் பானையைத் தூக்கிக்கிட்டு வந்துடு" என்று சொல்லி, தன் வீட்டுக்குக் கீழே இருந்த இரண்டு அறையில் அவளைக் கொண்டுவந்து வைத்தான். கட்சியில் சேர்த்ததும் அவன்தான். ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

இது நடந்த வருஷம் கட்சி மூன்றாவது தடவையாகத் தேர்தலில் தோற்றது. தலைவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, முகம்தான் செத்துப்போயிருந்தது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவள், டீச்சர். இன்னொருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சங்கம் கட்டி, மேலே வந்தவர், மூட்டைக்காரர். ஜெயிக்க வேண்டுமானால் நமக்கு ஓட்டுப் போடாதவர்களோடு பேச வேண்டும் என்றாள் டீச்சர். அவர்களோடு பேசிப் பேசி நம்முடைய பேச்சே மறந்துபோகும் என்றார் மூட்டைக்காரர். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதனால்தான் சண்டை அவ்வளவு மோசமாக இருந்தது. ஒரு பக்கம் பொய் என்றால் இரண்டே நாளில் ஓய்ந்திருக்கும்.

கிளையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பெஞ்சானார்கள். "மூட்டைக்காரருக்குத் தூக்கத்தான் தெரியும், இறக்கி வைக்கத் தெரியாது" என்று இந்தப் பக்கம் சிரித்தார்கள். "டீச்சர் வந்தா நம்ம எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிடுவா" என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றுபோனது. எதிரிக்கட்சிக்காரனோடு டீ குடித்தார்கள், சொந்தக் கட்சிக்காரன் வந்தால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

லாண்டரி அக்கா டீச்சர் பக்கம். அண்ணன் மூட்டைக்காரர் பக்கம். காலையில் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் மேல் வீட்டில் டீ குடிப்பது வழக்கம். அந்த டீ தினமும் சூடாகவே இருந்தது.

"பாப்பா, அந்தம்மா ரேடியோவுல பேசினதைக் கேட்டியா? எல்லாரையும் சேர்த்துக்கிட்டுப் போகணுமாம். எல்லாரும்னா யாரு? என் முதலாளியுமா?"

"உன் முதலாளியை யாரு கேட்டா? ஜெயிக்கணும்ணா. மூணு தடவை தோத்தாச்சு. உன் மூட்டைக்காரர் நல்லவர்தான், நான் இல்லேங்கல. நல்லவரை வச்சுக்கிட்டு நாலாவது தடவையும் தோக்கலாம்."

"தோத்தாலும் நம்ம கால்ல நின்னு தோக்கணும்."

"உனக்கு நிக்கறதுக்கு ஃபவுண்டரி இருக்கு. எங்களை அடுத்த வருஷம் கான்ட்ராக்டுக்குத் தள்ளப் போறானுங்க. அப்ப நான் எங்கே போய் நிக்கட்டும்?"

அண்ணி இரண்டு டம்ளரையும் ணங்கென்று வைத்தாள். "முதல்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைக் குடிங்க. நிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கான்ட்ராக்ட் விஷயம்தான் அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகம் லாண்டரியை வெளியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடிவு செய்திருந்தது. அவளோடு வேலை செய்கிற பெண்கள் பாதிப் பேர் புருஷன் இல்லாதவர்கள், மீதிப் பேர் புருஷன் இருந்தும் இல்லாதவர்கள். நம் கட்சி ஆட்சிக்கு வந்தால்தான் இதை நிறுத்த முடியும், டீச்சர் தலைவியானால்தான் நம் கட்சி ஆட்சிக்கு வரும் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி, கட்சியில் சேர்த்து, ஓட்டுக்கும் தயார் செய்து வைத்திருந்தாள் அவள்.

ஒவ்வொரு கிளையும் ஒரு சனிக்கிழமை ஓட்டெடுத்து, யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கென்று சொல்லி ஒரு பிரதிநிதியை மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் சமமாக வந்தால் பிரதிநிதி போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

இந்தக் கிளையை ஆரம்பித்தவர்கள் ஃபவுண்டரிக்காரர்கள். அதனால் ஃபவுண்டரி கேட்டில் இருந்த வழக்கத்தையே மாடிப்படி ஏறிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாசலில் ஆணி அடித்த பலகை. கீழே ஒரு பெட்டி நிறையப் பித்தளை டோக்கன், ஒவ்வொன்றிலும் உறுப்பினர் நம்பர். வந்தவர் தன் டோக்கனை எடுத்து ஆணியில் மாட்டுவார். பேர் எழுதிக்கொள்வது கிடையாது. ஒரு காலத்தில் பேர்ப் பட்டியல் ஒன்று முதலாளி கைக்குப் போய், பல பேருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து பேப்பரில் பேர் எழுதுவது இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஷிப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த கிளை. ஓட்டெடுப்பு அன்று வேலையில் மாட்டிக்கொள்கிறவன் எதிர்ப் பக்கத்தில் ஒருத்தரைப் பிடித்து, "நான் வர முடியல, நீயும் வராதே" என்று கேட்பான். அவர் கை கொடுத்தால் இரண்டு ஓட்டும் கழிந்துபோகும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜோடி போடுவது என்று இதற்குப் பேர். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஜோடியை உடைத்தவன் ஓட்டு செல்லாது என்று ஒரு விதியும் இருந்தது. ஆனால் அந்த விதியைத் தொட வேண்டிய அவசியம் அதுவரைக்கும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு என்னால வர முடியாது பாப்பா. அடுத்த ஷிப்ட்டுக்காரன் காலை ஒடிச்சுக்கிட்டான். உலையில உருகின மால் இருக்கும்போது விட்டுட்டு வர முடியுமா? ஓட்டு முடிஞ்சப்புறம்தான் என்னை விடுவாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் வாயால் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோடி போட்டுக்கலாமா?"

அவள் உடனே கை நீட்டவில்லை. லாண்டரிப் பெண்களை எல்லாம் கிளப்பிவிட்டுத் தான் மட்டும் போகாமல் இருப்பதா என்று ஒரு நிமிஷம் இடித்தது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன யோசனை? கல்யாண ஜோடின்னாதான் யோசிக்கணும். இது ஒரு நாள் ஜோடிதானே?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் கை கொடுத்தாள். அவன் கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

"உன்கிட்டன்னா கவலையில்ல" என்றான் அண்ணன். "வெளி ஆள்கிட்டப் போட்டா உலைகிட்ட நின்னாலும் மனசு அங்கேயே அடிச்சுக்கும்."

சனிக்கிழமை அவளுக்கு வேலை மத்தியானத்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போகிற பஸ் கிளை ஆபீசுக்குக் கீழேதான் நிற்கும். வேறு நிறுத்தத்துக்கு நடக்கலாம் என்று நினைத்தாள். தோள் வலி நடக்க விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாடியிலிருந்து சத்தம் கேட்டது. யாரோ கை தட்டினார்கள், யாரோ கத்தினார்கள். கல்யாண வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது.

கோட்டு படியிறங்கி வந்தான். டீச்சர் பக்கத்துக்கு ஆள் சேர்க்கிற வக்கீல். வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டான், அதனால் அந்தப் பேர். கெட்டவன் இல்லை. ஓட்டைத் தவிர வேறு எதையும் எண்ணத் தெரியாதவன்.

"என்னக்கா, இங்கேயே நின்னுட்டீங்க? மேல வாங்க. சரிக்குச் சரியாப் போயிட்டிருக்கு."

"நான் வரலப்பா. அண்ணன்கூட ஜோடி போட்டிருக்கேன்."

கோட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா, உங்க அண்ணன் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயாச்சே. டோக்கன் தொங்குது."

"சும்மா சொல்லாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்க கண்ணாலேயே வந்து பாருங்க."

அவள் ஏறினாள். பலகையில் அண்ணனுடைய டோக்கன் தொங்கியது. அந்த நம்பரை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதற்கு அடுத்த நம்பர் அவளுடையது. உள்ளே கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. மேஜையில் நர்ஸம்மா உட்கார்ந்து ஓட்டுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மனுஷி, அன்றைக்கு அவர்தான் தலைமை.

"அண்ணன் வந்தாராம்மா?"

"யாரு வந்தா யாரு போனான்னு நான் எங்கே பாக்கறது? சீட்டைக் கிழிச்சுக் கொடுக்கவே கை போதல. டோக்கன் இருந்தா வந்திருப்பார்." நர்ஸம்மா நிமிராமலே சொன்னார்.

ஃபவுண்டரிக்குப் போன் போட்டால் உலைக்கூடத்தில் கேட்காது. அண்ணனுடைய கூட்டாளி ஃபிட்டர் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். காத்திருக்கலாம்தான். அவள் காத்திருக்கவில்லை. என்கிட்டயேவா என்று ஒரு சூடு வயிற்றிலிருந்து கிளம்பி மண்டைக்கு ஏறியது. ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்று, கட்சியில் இதெல்லாம் சகஜம், என்னையா? கை கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டு, உன்கிட்டன்னா கவலையில்ல என்று சொல்லிவிட்டு?

அவள் தன் டோக்கனை எடுத்து அவனுடையதுக்குப் பக்கத்தில் மாட்டினாள். சீட்டை வாங்கினாள். குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டாள். லாண்டரிப் பெண்கள் மூலையில் நின்று, "அக்கா வந்துட்டாங்கடி" என்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் டோக்கனையும் சீட்டையும் சரிபார்ப்பது முறை. நர்ஸம்மா எண்ணினார். திரும்பவும் எண்ணினார். டோக்கன் ஒன்று கூடுதலாக இருந்தது.

சபை கொந்தளித்தது. சீட்டைத் திருடிவிட்டான் என்றான் ஒருத்தன். கள்ள டோக்கன் என்றான் இன்னொருத்தன். பின்பெஞ்சில் இருந்த ஃபிட்டர் பலகையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, அது நான் மாட்டினதுங்க. அவனோடது. எப்பவும் நானும் அவனும் ஒண்ணாத்தானே ஏறி வருவோம், முன்னாடி வர்றவன் ரெண்டு பேரோடதையும் எடுத்து மாட்டறது. ஃபவுண்டரி கேட்லயும் அப்படித்தான். இன்னிக்கு அவன் வரல, நான் தனியாத்தான் வந்தேன். கை பழக்கம், அது பாட்டுக்கு மாட்டிடுச்சு."

சபை சிரித்தது. "நல்ல வேளை, ஓட்டையும் சேர்த்துப் போடலையே" என்றார் யாரோ. நர்ஸம்மா அண்ணனின் டோக்கனைக் கழற்றி டோக்கன் பெட்டியில் போட்டார். கணக்கு சரியாயிற்று.

லாண்டரி அக்காவுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்த நிமிஷமே எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறு, பெரிய வித்தியாசத்தில் முடிந்தால் சொல்ல அவசியமே இருக்காது என்று மனசு ஒரு தந்திரம் பண்ணியது. பொறுத்தாள்.

டீச்சர் ஒரு ஓட்டில் ஜெயித்தாள்.

லாண்டரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் அண்ணன் வந்தான். முகமெல்லாம் கரி, கண் இரண்டு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"எவ்வளவுல?" என்று ஃபிட்டரைக் கேட்டான்.

"ஒண்ணுல போச்சுடா."

அவன் உதட்டைப் பிதுக்கினான். சிரித்தான். "போனாப் போகுது. என்னோடது ஒண்ணும் இதுல குறையல. அதுக்கு ஜோடி இருக்கு." சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பினான். அவளுடைய டோக்கன் தொங்கியது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"பாப்பா, உன் டோக்கனை இங்கே யாரு மாட்டினது?"

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"எவனாவது பழக்கத்துல மாட்டிட்டானா?"

அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடு, நான் நம்பிக்கொள்கிறேன் என்கிற கெஞ்சல். ஃபிட்டர் அவன் தோளைத் தொட்டார். "இல்லடா. உன்னோடது ஒண்ணுதான் சும்மா தொங்கினது. மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு." மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். "நர்ஸம்மா, நானும் என் தங்கச்சியும் ஜோடி போட்டிருந்தோம்."

சபை சட்டென்று அடங்கியது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. ஜோடி இருந்துச்சா? இருந்துச்சுன்னா உங்க பக்கத்துச் சீட்டு ஒண்ணை எடுத்து வச்சிடணும். சமமாயிடும். வேற யாரையும் நான் கேக்க மாட்டேன். உங்க வார்த்தைதான்."

கோட்டு அவள் பின்னால் வந்து நின்றான். "அக்கா, லாண்டரியை நினைச்சுக்குங்க" என்றான், உதடு அசையாமல். ஜோடி போட்டது அவனுக்குத் தெரியும், பஸ் நிறுத்தத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மூலையைப் பார்த்தாள். பெண்கள் கட்டிக்கொண்டபடியே நின்றிருந்தார்கள், கையை எடுக்க மறந்துபோய். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக அம்மா. அவர்களை இங்கே கூட்டி வந்தவள் அவள்தான். இந்தப் பக்கம் அண்ணன். கரி பூசின முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் நாளைக்குப் புரிந்துகொள்வான், அண்ணன்தானே என்று அவளுக்குத் தோன்றியது. சொந்தக்காரனைத்தானே துணிந்து உதைக்க முடியும்.

"அப்படி ஒண்ணும் பேசிக்கல" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். உலையிலிருந்து ஊற்றின இரும்பு அச்சில் பிடிக்காமல் உடைந்து வந்தால் ஒரு பார்வை பார்ப்பார்களே, எங்கே தப்பு பண்ணினோம் என்று, அப்படிப் பார்த்தான்.

"சரிங்க தோழர்" என்றான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

படியிறங்கிப் போனான். ஃபிட்டர் அவன் பின்னாலேயே போனார்.

மாநாட்டில் டீச்சர் ஜெயித்தாள். சாதாரண ஜெயம் இல்லை. நாட்டில் உள்ள கிளைகளில் பெரும்பங்கு அவளுக்கு. மூட்டைக்காரர் பாதியிலேயே எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோட்டு அங்கிருந்தே போன் போட்டான். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, எங்கேயோ போயிட்டோம்! நம்ம கிளை ஓட்டே இல்லாட்டியும் ஜெயிச்சிருப்போம்கா! நம்ம மாவட்டமே இல்லாட்டியும் ஜெயிச்சிருப்போம்!"

அவள் போனைக் காதில் வைத்தபடியே படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே அண்ணன் நடக்கிற சத்தம் கேட்டது. அவன் நடை அவளுக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

அண்ணன் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று அண்ணிதான் வந்து சொன்னாள். சண்டை போட்டுக் கொடுக்கவில்லையாம். நர்ஸம்மா வீட்டுக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தானாம். ஏன் என்று கேட்டதற்கு, "வயசாச்சும்மா" என்றானாம்.

"நீயாவது மேல வந்து நாலு திட்டு வாங்கிட்டுப் போயேண்டி" என்றாள் அண்ணி. "அந்த மனுஷன் திட்டவும் மாட்டேங்கறாரு, பேசவும் மாட்டேங்கறாரு. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினான். குழாயில் தண்ணீர் வந்தால், "தண்ணி வருது, பிடிச்சுக்குங்க" என்றான். அவள் வீட்டு பல்பு போனபோது ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு, "இப்ப எரியுதாங்க?" என்று கேட்டான். ஒரு குறையும் வைக்கவில்லை. நீ என்பது நீங்க ஆகியிருந்தது, அவ்வளவுதான். பாப்பா என்ற சொல்லை மூட்டை கட்டி எங்கேயோ வைத்துவிட்டான். காலை டீயை அண்ணி கீழே கொண்டுவந்து கொடுத்தாள். வருவதற்குள் ஆறிவிடும்.

அவள் நர்ஸம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். நர்ஸம்மா ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே உன் முகத்துல தெரிஞ்சுது. உன் வார்த்தைதான்னு சொன்னப்புறம் நான் என்ன செய்ய?"

"இப்ப என்ன பண்ணலாம்மா?"

"மாநாடு முடிஞ்சாச்சு. நான் இப்ப எந்தச் சீட்டை எடுத்து வைக்கறது? என்கிட்ட வந்து அழாதே. எங்கே போய்ச் சொல்லணுமோ அங்கே போய்ச் சொல்லு."

அங்கே போகத்தான் அவளுக்குக் கால் வரவில்லை. அதற்குள் லாண்டரி போயிற்று. அடுத்த தேர்தல் வருகிறவரைக்கும் நிர்வாகம் காத்திருக்கவில்லை. டீச்சர் ஒரு தடவை வந்து பார்த்தாள், இல்லை என்று சொல்லக் கூடாது. மெஷின்களுக்கு நடுவே நின்று எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டாள். "ஆட்சிக்கு வந்ததும் இதை மறுபரிசீலனை செய்வோம்" என்றாள். நல்ல குரல். கைக்குழந்தைக்காரி, "மறுபரிசீலனைன்னா என்னக்கா, நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் கான்ட்ராக்டர் வந்தான். வலுவானவர்களை மட்டும் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டான். லாண்டரி அக்காவின் தோளை அவனுடைய ஆள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விரிப்பை இழுக்கும்போது அவள் முகம் கோணியதைப் பார்த்தான், போதும் என்றான்.

அதற்காகத்தானே பொய் சொன்னோம் என்று அவள் ஒருநாள் வீட்டுக்குள் தனியாக நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்பதற்கு அசிங்கமாக இருந்தது.

அப்புறம் கிளைக் கமிட்டித் தேர்தல் வந்தது. ஃபிட்டர் நின்றார், மூட்டைக்காரர் பக்கத்து மிச்ச சொச்ச ஆட்களுக்காக. எதிரே கோட்டு நின்றான். ஓட்டெடுப்புக்கு முதல் நாள்தான் அவள் அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பாதத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஃபவுண்டரியில் அவனையும் ஓய்வு என்று அனுப்பியிருந்தார்கள். அவளைக் கண்டதும் காலைக் கீழே இறக்கினான். விருந்தாளியைக் கண்டால் செய்வதுபோல.

"வாங்க. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"தெரியுங்க."

"உன் டோக்கனைப் பார்த்தேன். நீ உடைச்சுட்டேன்னு நினைச்சேன். அதுலதான் போட்டேன். ஓட்டுப் போட்டது கோபத்துல. ஆனா பொய் சொன்னது கோபத்துல இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் தைலப் பாட்டிலுக்கு மூடியைத் திருகினான். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடியும் திருகினான்.

"டோக்கனைப் பார்த்து நான் உடைச்சுட்டேன்னு நினைச்சீங்க இல்ல? அதுதாங்க. பொய்கூட அப்புறம்தான். நான் அப்படிச் செய்வேன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையா?"

அழக் கூடாது என்று வந்திருந்தாள், அழுதாள். அண்ணன் துண்டை எடுத்து நீட்டினான். நீட்டின கையை அவள் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் துண்டை அவள் கையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"கமிட்டித் தேர்தல் வருதுண்ணா. உன் ஓட்டை நான் திருப்பிக் கொடுத்துடறேன். நீ யாரைச் சொல்றியோ அவருக்குப் போடறேன். ஃபிட்டருக்குத்தானே? இல்ல, வீட்லயே இருக்கச் சொல்றியா, இருக்கேன். எது சொன்னாலும் சரி."

"எனக்கு எதுக்குங்க? நான் கட்சியில இல்ல."

"அப்ப எப்படித்தான் கொடுக்கட்டும்?"

"கொடுக்க வேணாங்க. வச்சுக்குங்க." அவன் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் கோபமில்ல. பசிக்குதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சாப்பிடாமல் கீழே இறங்கினாள்.

தேர்தல் அன்று ஃபிட்டருக்குப் போட்டாள். ஃபிட்டர் நிறைய ஓட்டில் தோற்றார். அது அவளுடைய ஓட்டுத்தான், அண்ணனுடையது இல்லை. கணக்கில் ஒன்றும் கழியவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ஓட்டெடுப்பு நடந்தது. கட்சி ஒரு தேர்தலில் ஜெயிக்கவும் செய்தது. ஜெயித்த அன்று தெருவில் வெடி போட்டார்கள், மேல் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

கட்சியில் இல்லாத மனுஷனுக்கு ஓட்டை எந்த வழியில் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணனுக்கு அவள் ஒரு ஓட்டு தர வேண்டும். இன்னும் தரவில்லை.